வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒரு டிவி

ராஜபாளையத்துக் கடைக்காரர்கள் இரண்டே வகை. சாம்பிள் அண்ணாச்சி வந்துவிட்டுப் போனவர்கள் ஒரு வகை. இன்னும் வரவில்லையே, எப்போது வருவாரோ என்று வயிற்றில் நெருப்போடு இருப்பவர்கள் இன்னொரு வகை. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ஒரு வார்த்தையைக்கூட வாழ்நாளில் நம்பாத மனிதர் அவர் ஒருவர்தான் என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். பக்கத்து வீட்டில் பல வருடம் குடியிருந்த எனக்கே அது தெரியாது. ஸ்பின்னிங் மில்லில் நூலின் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். நூலை மெஷினில் மாட்டி, அறுந்துபோகும் வரைக்கும் இழுத்துப் பார்ப்பதுதான் உத்தியோகம். வயதானதும் மில் அவரை விட்டுவிட்டது. அவர் இழுப்பதை விடவில்லை. நூல் கிடைக்காத குறைக்கு ஊரில் உள்ள மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

குடை வாங்கப் போனால் கடைக்காரரிடம் முதலில் ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். மெத்தை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தவர், வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தார். "எடது பக்கம் செத்த மேடா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காபி கிடைக்குமா என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரைக்கும் உள்ள ஒவ்வொரு பால்கோவாக் கடையிலும் ஒரு சாம்பிள். கோயில் பக்கம் வரும்போது வயிறு நிறைந்திருக்கும். "இன்னைக்கு நாக்கு சரியில்ல. இன்னொரு நாள் வாரேன்" என்று ராஜபாளையம் பஸ் ஏறிவிடுவார்.

கார் வாங்குவதற்காக வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்டு ஒரு ஷெட் கட்டினார். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில், மூன்று பக்கம் திறந்த நல்ல அகலமான ஷெட். அவருடைய சோதனையில் எந்தக் காரும் தேறவில்லை. ஷெட்டில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு துளசித் தொட்டியும் காருக்காகக் காத்திருந்தன.

இந்தச் சோதனைப் புத்தி ஒரே ஒரு முறை அவரைக் கவிழ்த்தது. அதுவும் சொந்த அண்ணன் விஷயத்தில்.

அண்ணன் வத்திராயிருப்பில் தென்னையும் நெல்லும் போட்டிருப்பவர். தெருவில் நாங்கள் பெரியண்ணாச்சி என்போம். அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் கிடைக்காததால் தம்பி வீட்டிலேயே வைத்தார்கள். ஒரு வைகாசி மாதம், வளர்பிறை முகூர்த்தம். தட்டு மாற்றுகிற நேரத்தில் சாம்பிள் அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு பலூனை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"தம்பி, ஒரே மூச்சுல ஊதணும். எங்க பாப்பம்."

மாப்பிள்ளை நல்ல பையன். விளையாட்டு என்று நினைத்து ஊதினான். பலூன் பெரிதாகிக்கொண்டே போய், சம்பந்தி அம்மாளின் காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. தாம்பாளம் கவிழ்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவரைத் திரும்ப உட்கார வைப்பதற்குள் பெரியண்ணாச்சிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நுரையீரல் நல்லா இருக்குண்ணே. தைரியமாக் குடுக்கலாம்" என்றார் சாம்பிள் அண்ணாச்சி, உண்மையான சந்தோஷத்தோடு.

பெரியண்ணாச்சி அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இனி உன் வீட்டு வாசப்படிய நான் மிதிச்சா என்னய என்னன்னு கேளு."

கல்யாணம் நன்றாக நடந்தது. மகளும் மருமகனும் வெளிநாட்டில் சௌக்கியம். ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான். பெரியண்ணாச்சி தம்பியோடு பேச்சை நிறுத்தவில்லை, கோபமும் வடிந்துவிட்டது. வாசற்படியை மட்டும் மிதிப்பதில்லை. வருடா வருடம் மாம்பழம் கொண்டுவருவார். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுப்பார். தம்பியும், தம்பி மனைவியான எங்கள் மதினியும் தெருவுக்கு ஓடிவருவார்கள். மூன்று பேரும் வெயிலில் நின்றபடியே குடும்ப விஷயம் எல்லாம் பேசி முடிப்பார்கள். மதினி காபியைத் தெருவுக்குக் கொண்டுவருவார். போகிற வருகிற பைக்குகள் அவர்களைச் சுற்றி வளைந்து போகும்.

போன மார்கழியில் பெரியண்ணாச்சியின் மனைவி இறந்துபோனார். அதன் பிறகு வத்திராயிருப்பு வீட்டில் அவர் ஒற்றை ஆள். மூன்று வேளையும் கஞ்சி என்று கேள்விப்பட்டதும் சாம்பிள் அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தைப்பொங்கலுக்குக் கூப்பிட்டார். சிவராத்திரிக்குக் கூப்பிட்டார். சித்திரை ஒன்றாம் தேதி நேரிலேயே போய்க் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிமாறியிருந்ததால் அங்கிருந்து ஒரே பஸ்.

பெரியண்ணாச்சி தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து நாலு நாள் இருங்கண்ணே. அவ சமைச்சுப் போடுவா."

"வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லியாச்சுல்லா."

"எல்லாரும் மறந்தாச்சுண்ணே."

"நான் மறக்கலியேல."

மறு முழங்காலுக்கும் எண்ணெய் தேய்த்தார். பிறகு அவராகவே சொன்னார். "முட்டி நிக்க விடமாட்டேங்கு. ஆடிப்பூரத் தேரு இந்த வருசம் எனக்கு இல்ல. அவ இருந்தா கையப் புடிச்சாவது கூட்டிட்டுப் போவா."

"டிவில நேரலையாக் காட்டுவாங்கண்ணே. எங்க வீட்ல பாக்கலாம்."

"உன் டிவி வாசப்படிக்கு அந்தப் பக்கம்லா இருக்கு" என்று பெரியண்ணாச்சி சிரித்தார். "இந்தப் பக்கம் ஒண்ண வையி. வாரேன்."

அது கேலிக்குச் சொன்னது. எனக்கும் சிரிப்பு வந்தது. சாம்பிள் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக மேற்கு மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். கூமாப்பட்டி தாண்டியதும் என் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"தம்பி, ஷெட்டு காலியாத்தான கெடக்கு!"

ராஜபாளையத்தில் ஒரு பெரிய டிவி கடை. அண்ணாச்சி உள்ளே நுழைந்ததும் மேனேஜர் எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி மாடிக்குப் போய்விட்டார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டாள்.

"வாங்க சார். என்ன சைஸ் பாக்கறீங்க?"

"சைஸ் கெடக்கட்டும் தாயி. மழையில நனைஞ்சா தாங்குமா?"

"மழைல எதுக்கு சார் டிவி?"

"ஒரு மனுசன் வீட்டுக்குள்ள வரமாட்டேங்கான். அதுக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வாஷிங் மெஷினை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"இது டெமோ பீஸ் சார். படம் சூப்பரா இருக்கும், பாருங்க."

"டெமோன்னா காட்டுறதுதான? அப்பம் காட்டு" என்று அண்ணாச்சி மஞ்சப்பைக்குள்ளிருந்து, மதினி துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்தார். மாடிக்குப் போன மேனேஜர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கி வந்தார்.

வெளியில் வைக்கிற டிவி என்று தனியாகவே ஒரு சாதி இருக்கிறது என்பதை நான்தான் படித்துப் பார்த்துச் சொன்னேன். உடம்பு முழுவதும் அடைப்பு; ஒயர் சொருகும் இடத்துக்கெல்லாம் மூடி; பகல் வெளிச்சத்திலும் படம் தெரிகிற மாதிரித் திரையில் கூடுதல் பிரகாசம். பெட்டியின் மேல் ஐ.பி. என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசியை எவ்வளவு தடுக்கும் என்பது. இரண்டாவது தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பது.

"அந்த நம்பர யாரு போட்டது?"

"சோதனை பண்ணித்தான் போடுவாங்க அண்ணாச்சி."

"நான் இல்லாம என்ன சோதனை?"

அந்தச் சாதி டிவி ஒன்று மதுரையில் ஒரு ஹோட்டலின் தோட்டத்தில் ஓடுகிறது என்று விசாரித்து அறிந்தார். ஆனி மாதம், உச்சி வெயில் நேரமாகப் பார்த்துப் போனோம். ஆளுக்கு ஓர் எலுமிச்சை ஜூஸ் சொல்லிவிட்டு, வெயில் நேராகத் திரையில் விழும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். படம் தெளிவாகத் தெரிந்தது. "நம்ம வீட்டு டிவிய இங்க வச்சா நம்ம மூஞ்சிதான் தெரியும்" என்று ஒத்துக்கொண்டார். அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் தூசிக்கு உள்ள இலக்கம் பாக்கி இருந்ததே. மில் பழக்கத்தில் தூசி என்றால் அவருக்குப் பஞ்சுத் தூசிதான். பழைய சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி ஒரு கவர் நிறைய வாங்கி வந்திருந்தார். டிவியின் பின்பக்கம் போய் நின்று, கவரைப் பிரித்து, வாயால் ஊதினார்.

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது.

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கேக்கின் மேல் மதுரை வரலாற்றில் முதல் முறையாகப் பனி விழுந்தது. குழந்தைகள் கை தட்டின. பெரியவர்கள் தட்டவில்லை. அண்ணாச்சிக்கு மில்லிலேயே பிடித்த இளைப்பு உண்டு. அவர் ஊதியதில் பாதி அவர் நெஞ்சுக்குள்ளேயே திரும்பிப் போய்விட, விசில் அடிக்கிற மாதிரி இழுக்க ஆரம்பித்தது. வெளியேற்ற வந்த சூப்பர்வைசரே தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

"டிவி பாஸ்" என்றார் அண்ணாச்சி, ஆட்டோவில், மூச்சு திரும்பியதும்.

சென்னையிலிருந்து பெட்டி வந்தது. துருப் பிடிக்காத தாங்கியில், வாசற்படிக்கு வலது கைப் பக்கம், ஷெட்டின் பின்சுவரில் மாட்டினார்கள். ஷாக் அடித்தால் தானாக அணைந்துகொள்ளும் ஸ்விட்சு ஒன்றையும் எலெக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அண்ணாச்சி தோட்டத்து ஹோஸ் பைப்பைத் திருப்பி டிவிக்கு நேராகப் பிடித்தார். தெருவே கூடிவிட்டது. செய்தி வாசிக்கும் பெண் முகத்தில் தண்ணீர் வழிய வழிய அசராமல் வாசித்தாள். மறுநாள் டிவியின் தலையில் இரண்டு பூவன் பழத்தை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்திலிருந்து வந்து போகும் குரங்கு ஒன்று ஏறி உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. அதன் வால், வில்லன் முகத்தில் மீசை மாதிரித் தொங்கியது. டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இம்புட்டுப் பண்ணுதீகளே. பெரியத்தான் வருவாகளா?" என்று மதினி கேட்டார்.

அப்போதுதான் அண்ணாச்சியின் முகம் சின்னதாகிப் போனதைப் பார்த்தேன். "தெரியல. கேலிக்குத்தான் சொன்னாக. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

ஆடிப்பூரத்தன்று காலை. தேர் ஓடும் ஊரில் குடியிருக்கும் நான், தேர் பார்ப்பதற்காகப் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். எதிர்த் திசையில் ஊரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெரியண்ணாச்சி வந்திருந்தார். ஒரு சாக்குத் தேங்காயை இறக்கிவிட்டு, கேட்டைத் திறந்து, ஷெட்டுக்குள் வந்து நின்று, வாசற்படி எங்கே முடிகிறது என்று கண்ணாலேயே அளந்துகொண்டு, அதற்கு எட்டாத தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாம்பிள் அண்ணாச்சிக்குக் கை கால் ஓடவில்லை. நேரலை ஆரம்பித்தது. திரை முழுக்க ஜனம். தேர் அசைந்தது. பெரியண்ணாச்சி எழுந்து கும்பிட முயன்று, முட்டி விடாததால் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"தெளிவா இருக்குல" என்றார். தம்பிக்கு அது பட்டம் வாங்கிய மாதிரி.

அப்போதுதான் மேற்கே மலை மறைந்தது. ஆடிச் சாரல் மேலேயிருந்து விழுவதில்லை. மலையிலிருந்து படுத்தபடியே வரும். தகரக் கூரைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறியது. நடுவில் நாங்கள் இருந்தோம்.

"பாருங்கண்ணே, ஒரு சொட்டு உள்ள போகாது" என்று அண்ணாச்சி டிவியைக் காட்டினார். உண்மைதான். டிவி குளித்துவிட்டு வந்த மாதிரிப் பளபளத்தது. நாங்கள் மூன்று பேரும் தொப்பலாகிக்கொண்டிருந்தோம். டிவியைத் தண்ணீரில் நனைத்தாயிற்று, தூசி ஊதியாயிற்று, குரங்கை ஏற்றியாயிற்று. நாற்காலியில் மனிதர்கள் உட்காருவார்களே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வெயில். ராஜபாளையத்தில் எங்கள் தலையில் மழை.

மதினி வாசலில் நின்று கூப்பிட்டார். "பெரியத்தான், உள்ள வாங்க. நனையுதீகளே."

"இருக்கட்டும் தாயி. தேரு வந்துக்கிட்டு இருக்கு."

"நீங்களாச்சும் வாங்க" என்றார் புருஷனிடம்.

"அண்ணன் வெளிய இருக்காக. நான் எப்பிடி வருவேன்?"

எனக்கு எந்தச் சபதமும் கிடையாது. தாராளமாக உள்ளே போயிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து எழுந்து போக வெட்கமாக இருந்தது. நானும் நனைந்தேன்.

தேர் முனை திரும்பும் நேரம். "கோவிந்தா" என்ற சத்தத்துக்கு நடுவே மெல்லியதாக ஒரு விசில் கேட்டது. பெரியண்ணாச்சி தலையைத் திருப்பினார்.

"ஏலே, அது என்ன சத்தம்?"

"டிவிலதான்ணே."

"டிவில நாயனம்லா வாசிக்கான். விசிலு உன் நெஞ்சுக்குள்ளருந்துலா வருது. உள்ள போ."

"நீங்களும் வாங்க."

"நான் சொன்ன சொல்லு..."

"அப்பம் நானும் இங்கனயே இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சிக்கு இழுப்பு பலமாகிவிட்டது. தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. உதடு வெளுத்தது. அப்போதும் ஒரு கையால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பெரியண்ணாச்சி எழுந்துவிட்டார். கும்பிடுவதற்கு எழாத முழங்கால்கள் எப்படி எழுந்தன என்று தெரியவில்லை.

"எந்திரில மூதி! அவளத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கேன். உன்னயும் குடுக்க என்னால ஏலாது."

தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, இடுப்பில் கை கொடுத்து, இழுத்துக்கொண்டு வாசற்படியில் ஏறி, உள்ளே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். மதினி இன்ஹேலரைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு முறை. இன்னொரு முறை. பெரியண்ணாச்சி தம்பியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். விசில் மெல்ல மெல்ல அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. அந்த ஹாலில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் பெரியண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார். வேட்டியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வாசற்படியைப் பார்த்தார். நான் சட்டை நுனியைப் பிழிந்தேன். மதினி சுவரில் உள்ள காலண்டரை உற்றுப் பார்த்தார்.

"ஏத்தா, காய்ஞ்ச வேட்டி ஒண்ணு குடு" என்றார் பெரியண்ணாச்சி. "பொறவு காபி. சீனி கூடப் போடு."

மதினி ஓடிய ஓட்டத்தில் ஹாலில் இருந்த பழைய டிவியையும் போட்டுவிட்டுப் போனார். அதே தேர். அதே ஜனம்.

"ஏலே, இதுலயும் வருதா? பொறவு எதுக்குல வெளிய ஒண்ணு?"

"நீங்கதான உள்ள வரமாட்டேன்னு சொன்னீக" என்றார் சாம்பிள் அண்ணாச்சி, முனகலாக.

இப்போது பெரியண்ணாச்சி மாதத்தில் பாதி நாள் ராஜபாளையத்தில்தான். ஷெட்டில் உள்ள டிவிக்கு இன்றுவரை ஒரு பழுதும் இல்லை. அதை யாரும் பார்ப்பதும் இல்லை. மழையில் நனைந்துவிடக் கூடாது என்று மதினி அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஹாலில் பழைய டிவி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரே பாயில் அண்ணனும் தம்பியும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் குறட்டையில் விசில் இல்லை. நான் மணியை அடிக்கவில்லை. அவர்கள் எழுந்திருக்கும் வரைக்கும் ஷெட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.